டிக்கெட் நிறத்துத் தண்ணீர்

போன வாரம் கோயம்புத்தூரிலிருந்து மகள் போனில் பேசினாள். பேத்திக்கு முழங்கை மடிப்பிலும் முழங்கால் மடிப்பிலும் சிவந்து, நீர் கோத்து, மேலே மஞ்சளாகப் பொருக்குக் கட்டியிருக்கிறதாம். எக்ஸிமாவாம். "தோல் மேல பாக்டீரியா ஜாஸ்தியா இருக்கும்மா, அதைக் குறைச்சாலே அரிப்பு பாதி அடங்கிரும்னு டாக்டர் சொல்றாங்க. குளிக்கிற தண்ணியில ஏதோ மருந்து கலக்கணுமாம். எனக்குப் பயமா இருக்கு" என்றாள்.

"தண்ணி என்ன நிறத்துல இருக்கும்?" என்று கேட்டேன்.

"நிறமெல்லாம் ஒண்ணும் இருக்காதும்மா."

எனக்கு ஏனோ சப்பென்று ஆகிவிட்டது.

என் வயதுக்காரர்கள் எக்ஸிமா என்றால் விழிப்பீர்கள். கரப்பான் என்றால் உடனே தெரியும். வகுப்புக்கு ஒரு கரப்பான் பிள்ளை இருக்கும், கடைசி பெஞ்சில் தனியாக உட்கார்ந்து பெஞ்சு விளிம்பில் காலைத் தேய்த்துக்கொண்டிருக்கும். எங்கள் வகுப்பில் அது நான்தான். கத்திரிக்காய் கூடாது, கருவாடு கூடாது, நிலக்கடலை கூடாது, மாம்பழத்தைப் பார்க்கக்கூடக் கூடாது. இத்தனையும் விட்டும் கரப்பான் என்னை விடவில்லை. பட்டினி கிடந்ததுதான் மிச்சம். அரிப்பு எடுக்கும்போது மட்டும் நான் ராணி. சொறிகிற அந்தக் கொஞ்ச நேரச் சுகத்துக்கு ஈடாக எதையும் நான் இந்த வயதுவரை கண்டதில்லை. அதற்குப் பிறகு வரும் எரிச்சலுக்கும்தான்.

எங்கள் வீடு திருமங்கலத்தில், ஹைவேயை ஒட்டிய ஒரு தெருவில். அப்பா லாரிகளுக்குத் தார்ப்பாய் தைப்பவர். அவர் பக்கத்தில் போனாலே மெழுகும் மண்ணெண்ணெயும் கலந்த ஒரு வாசம் அடிக்கும். அப்பாவின் அக்கா, அதாவது எனக்கு அத்தை, கணவர் இறந்த பிறகு எங்களோடு இருந்தாள். ஒரே மகளை டி. கல்லுப்பட்டியில் கட்டிக்கொடுத்திருந்தாள். வீட்டில் பேச்சு அத்தையுடையது, வேலை அம்மாவுடையது. தெருக்கோடி மாரியம்மன் கோயிலில் பங்குனிப் பொங்கல் வந்தால் முளைப்பாரிக் கும்மிக்குப் பாட்டெடுத்துக் கொடுப்பதும் அத்தைதான். அவள் தொண்டை வெண்கலம்.

நான் சொல்கிற பங்குனியில் அப்பா தீச்சட்டி எடுப்பதாக நேர்ந்துகொண்டு காப்புக் கட்டியிருந்தார். நேர்த்தி எனக்காகத்தான். பிள்ளைக்குக் கரப்பான் நீங்கவேண்டும், மூன்று பங்குனிக்குச் சட்டி எடுக்கிறேன் என்று சொல்லியிருந்தார். காப்புக் கட்டியவர் வீட்டில் படுக்கக் கூடாது, ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. அதனால் அப்பா கோயிலிலேயே படுத்தார். காலையும் மாலையும் வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்.

காப்புக் கட்டிய மறுநாளோ என்னவோ எனக்குக் காய்ச்சல் அடித்தது. கைகால் மடிப்புகளில் இருந்த புண் எல்லாம் பழுத்து, தேன் காய்ந்த மாதிரிப் பொருக்குத் தட்டி, புதிதாகக் கழுத்திலும் இடது கண்ணோரத்திலும் கொப்புளம் கிளம்பியது. அன்றைக்கு அம்மா பொங்கலுக்கு வாழைப்பழமும் தேங்காயும் வாங்க மதுரை சிம்மக்கல் போகவேண்டியிருந்தது. அத்தை குளிக்கப் போயிருந்த நேரமாகப் பார்த்து, "வாடி, வெரசா" என்று என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

பழக் கமிஷன் கடைகளுக்குப் பின்னால் ஒரு மாடியில் தோல் டாக்டரம்மா ஒருவர் இருந்தார். பழம் வாங்கும் சாக்கில் அம்மா என்னை அவரிடம் கூட்டிப்போனாள். பழுத்த பழத்தின் நெடியும் டெட்டால் நெடியும் சேர்ந்து எனக்குக் குமட்டியது. அவர் என் கண்ணிமையை மெதுவாக விலக்கிப் பார்த்தார்.

"கரப்பான் மட்டும் இல்லம்மா இது. சொறிஞ்சு சொறிஞ்சு கிருமி உள்ள போயி நல்லாக் குடியேறிருச்சு. கண்ணு வரைக்கும் வந்துருச்சு, பாருங்க. இதுக்கு மேல விட்டா ஆஸ்பத்திரியில படுக்க வைக்கணும், கண்ணுக்கும் நான் உத்தரவாதம் சொல்ல முடியாது" என்றார்.

அம்மாவின் கை என் தோளை இறுக்கியதை இப்போதும் உணர முடிகிறது.

மாத்திரை எழுதினார், களிம்பு எழுதினார். அப்புறம் ஒரு சின்னப் பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினார். கருப்பும் ஊதாவுமாக, நொறுக்கிய கண்ணாடி மாதிரிப் பளபளக்கும் கல். பெர்மாங்கனேட். தினமும் ஒரு வேளை இதைத் தண்ணீரில் கரைத்துப் புண் எல்லாம் நனைய ஊறவைத்து, பொருக்கு இளகியதும் கழுவிவிட வேண்டும், கண்ணுக்குள் மட்டும் ஒரு சொட்டுப் படக்கூடாது என்றார்.

"எம்புட்டுப் போடணும்மா?" என்று அம்மா கேட்டாள்.

"துளியோண்டு. ஒரு கல்லுகூடக் கரையாம நிக்கக் கூடாது, பட்ட இடம் வெந்துரும். தண்ணி வெளிர் ரோஸா இருக்கணும். ஊதாவா ஆச்சுன்னா கீழ கொட்டிருங்க." எவ்வளவு வெளிர் என்று காட்ட மேசையில் எதையோ தேடினார். கிடைக்கவில்லை. அம்மாவின் கையில் கசங்கியிருந்த பஸ் டிக்கெட்டைப் பார்த்துவிட்டு, "இந்தா, இந்த நிறம். இதுக்கு மேல போகக் கூடாது" என்றார்.

நம் காலத்து டவுன் பஸ் டிக்கெட் ஞாபகம் இருக்கிறதா? ஊதினால் பறக்கும் தாள், ரோஸ் என்று சொல்லவும் தயங்குகிற ஒரு ரோஸ். அம்மா அதை நீவி நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

பழக்கூடையோடு வீடு திரும்பியபோது நிலைப்படியில் கொத்துக் கொத்தாக வேப்பிலை தொங்கியது.

அத்தை காலையிலேயே என் கழுத்தைப் பார்த்திருக்கிறாள். அவளுக்குச் சந்தேகமே இல்லை. ஆத்தா வந்துவிட்டாள், அம்மை. அதுவும் தம்பி காப்புக் கட்டிய வீட்டில், கட்டிய கையோடு. தெருவுக்கும் சொல்லி, அப்பாவுக்கும் ஆள் அனுப்பி, வாசலில் மஞ்சள் தண்ணீரும் தெளித்து முடித்திருந்தாள்.

"ஆத்தா எறங்கியிருக்கிற பிள்ளைய எங்கடி கூட்டிட்டுப் போன? பஸ்ஸுலயா? ஊரு சனத்துக்கு நடுவுலயா?"

அம்மா பழக்கூடையை இறக்கி வைத்தாள். பொட்டலம் கூடைக்குள்தான் இருந்தது, சீப்புகளுக்கு அடியில். "பிள்ள அழுதுச்சு மதினி, அதேன்…" என்றாள். டாக்டர் என்ற வார்த்தை அவள் வாயில் வரவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று உங்கள் பிள்ளைகள் கேட்பார்கள். நீங்கள் கேட்கமாட்டீர்கள். அம்மை போட்ட வீட்டில் தாளிக்கக் கூடாது, தலை சீவக் கூடாது, பிள்ளைக்கு மருந்து மாத்திரை காட்டக் கூடாது. மூன்றாம் தண்ணீர் ஊற்றும் வரை உடம்பில் சொட்டுத் தண்ணீர் படக்கூடாது. மீறினால் ஆத்தாவுக்குக் கோபம். அந்தக் கோபம் யார்மேல் இறங்கும்? கொதிக்கிற சட்டியைக் கையில் ஏந்தப்போகிறவர் மேல். அத்தை என் முன்னாலேயே இதைச் சொன்னாள். "சுத்தபத்தமா இல்லேன்னா சட்டி எடுக்கிறவன் கை வெந்துரும், தெரிஞ்சுக்க."

டாக்டரம்மா தினமும் கழுவு என்கிறார். அத்தை தண்ணீரே படக்கூடாது என்கிறாள். என் இடது கண் அன்று மாலைக்குள் பாதி மூடிக்கொண்டது.

இருட்டு அறையில் வாழையிலை மேல் கிடத்தினார்கள். அத்தை வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசினாள், அரித்தால் வேப்பங்கொத்தால் வருடிவிட்டாள். பொய் சொல்லக்கூடாது, அந்த வருடல் சொர்க்கமாக இருந்தது. அத்தைக்கு என்மேல் பாசம் இல்லாமல் இல்லை. அவள் மடியில் படுத்தபடியே நான் அவளுக்குப் பயந்தேன்.

பொழுது சாய்ந்ததும் அத்தை கும்மிக்குக் கிளம்பினாள். அவள் தெரு திரும்பியதும் அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்கு ஓடினாள். அங்கே தகரக் கதவு போட்ட குளிக்கும் இடம். ஒரு பெரிய அலுமினியக் குண்டாவில் வெந்நீர் தயாராக இருந்தது. அம்மா ரவிக்கைக்குள்ளிருந்து டிக்கெட்டை எடுத்து, சிமினி விளக்கு வெளிச்சத்தில் தண்ணீர் ஓரமாகப் பிடித்துக்கொண்டாள். விரல் நுனியில் ஒட்டிய கல்லை ஒரு டம்ளர் தண்ணீரில் தட்டினாள். ஒரு கல் இறங்கிய வழியெல்லாம் ஊதா நூல் பிரிந்து பிரிந்து ஓடியது. அவ்வளவு அழகான ஒன்றை நான் அதுவரை பார்த்ததில்லை. கலக்கிக் கலக்கி, அந்த டம்ளரிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குண்டாவில் ஊற்றி, டிக்கெட்டையும் தண்ணீரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

கோயிலில் கும்மிச் சத்தம் கேட்டது. அதுதான் எங்கள் கடிகாரம். கைதட்டல் கேட்கிறவரை அத்தை அங்கே இருக்கிறாள்.

முதலில் எரிந்தது. துண்டை வாயில் திணித்துக்கொண்டேன். பிறகு எரிச்சல் மெல்ல அடங்கி, உடம்பே லேசானது. அம்மா பொருக்குகளைப் பஞ்சால் ஒற்றி ஒற்றி எடுத்தாள். "அப்பா கை வெந்துருமாம்மா?" என்று கேட்டேன்.

அம்மாவின் கை நின்றது.

"அப்பா கைய ஆத்தா பாத்துக்கிருவா. ஒன் கண்ண நான் பாத்துக்கிறேன். வாய மூடு."

துடைத்து, களிம்பு போட்டு, மாத்திரையை வாழைப்பழத்தில் பொதிந்து கொடுத்து, அதன்மேல் மறுபடி வேப்பிலை மஞ்சளைப் பூசி, பழையபடி வாழையிலையில் கிடத்திவிடுவாள். அத்தை வரும்போது எல்லாம் இருந்தது இருந்தபடி இருக்கும். துடைத்தது ஒரு பழைய பச்சைப் பாவாடை. நாலைந்து குளியலில் அது செம்மண் நிறமாகிவிட்டது. அதை அம்மா விறகுக் கட்டுக்கு அடியில் ஒளித்துவைத்தாள். பிற்பாடு எங்கே போனதோ, தெரியவில்லை.

தண்ணீர்தான் ரோஸ். கறை தவிட்டு நிறம். என் உடம்புக் கறையை மஞ்சள் மூடிவிட்டது. அம்மாவின் விரல்களையும் நகங்களையும் மூட ஒன்றும் இல்லை. புளியைத் தேய்த்துப் பார்த்தாள், கொஞ்சம்தான் போனது. அத்தை முன்னால் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டே பரிமாறப் பழகிக்கொண்டாள்.

கண் திறக்க ஆரம்பித்திருந்தது. அந்தச் சமயத்தில்தான் டிக்கெட் கரைந்தது. ஈரக் கையில் பட்டுப் பட்டு நைந்துபோயிருந்த தாள், ஒரு மாலையில் குண்டாவில் விழுந்து கூழாகிவிட்டது. அம்மா பதறிப்போய்க் கையை விட்டுத் துழாவினாள். அந்தப் பதற்றத்தில் பொட்டலம் சரிந்து கல் கொத்தாக உள்ளே விழுந்தது. தண்ணீர் கண்ணெதிரே கத்திரிப்பூ நிறமானது, அப்புறம் அதையும் தாண்டிக் கருத்தது. நான் அதற்குள் ஒரு காலை வைத்துவிட்டேன். சுரீரென்றது. என்னையும் மீறி அலறிவிட்டேன்.

அம்மா என்னை வெளியே இழுத்து, நல்ல தண்ணீரைக் காலில் ஊற்றிக்கொண்டே குண்டாவைக் காலால் கவிழ்த்தாள். மொத்தத் தண்ணீரும் தகரக் கதவுக்கு அடியில் புகுந்து கொல்லைச் சாக்கடைக்கு ஓடியது.

அப்போதுதான் எங்கள் இரண்டு பேருக்கும் உறைத்தது. கும்மிச் சத்தம் கேட்கவில்லை.

"யாரு அங்கிட்டு?" அத்தையின் குரல். கூடவே இன்னொரு குரல், பக்கத்து வீட்டுக்காரியுடையது. "என்ன மதினி, பிள்ள கத்துச்சே?"

அம்மா என்னைத் துவைகல்லுக்குப் பின்னால் தள்ளிவிட்டுக் கதவைத் திறந்து வெளியே போய் நின்றாள். தகரத்தின் ஓட்டை வழியே எனக்கு எல்லாம் தெரிந்தது. ஊதாத் தண்ணீர் அத்தையின் பாதத்தைச் சுற்றிக்கொண்டு ஓடியது. அத்தை கீழே பார்த்தாள். அம்மாவின் கையைப் பார்த்தாள். சட்டென்று இரண்டு கையையும் பிடித்து இழுத்து, தன் முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனாள். கடிக்கப்போகிறாள் என்றே நினைத்தேன்.

"அடிப் பாவி! மருதாணியா வச்சிருக்க?"

தெருவே அதிர்ந்தது. அந்த வெண்கலத் தொண்டையின் முழுச் சத்தத்தையும் அன்றைக்குத்தான் கேட்டேன். "வீட்டுல ஆத்தா வெளையாடுறா, பெத்தவளுக்கு மருதாணி கேக்குதா? ஏ, பாருங்கடி இவ கைய! புருசன் காப்புக் கட்டிக் கோயில்ல கெடக்கான், இவளுக்குச் சிங்காரம் கேக்குது! போ உள்ள! கைய ஒளி!" பக்கத்து வீட்டுக்காரி வாயில் கை வைத்தாள். இன்னும் இரண்டு பேர் சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தார்கள்.

அம்மா ஒரு வார்த்தை மறுக்கவில்லை. "ஆமா மதினி. புத்தி கெட்டுப்போயி வச்சுட்டேன்" என்றாள். மருதாணி என்று நம்பட்டும், குளியல் தப்பித்தது என்று அவள் நினைத்திருப்பாள். துவைகல்லுக்குப் பின்னால் வெந்த காலைப் பிடித்துக்கொண்டு நான் சத்தமில்லாமல் அழுதேன்.

தண்டனையும் அத்தைதான் சொன்னாள். பொங்கலன்று ஈரச் சேலையோடு கோயிலை முட்டி போட்டுச் சுற்றி வரவேண்டும். அப்பாவுக்கும் செய்தி போனது. மறுநாள் காலையில் வாசலில் வந்து நின்றவர் அம்மாவின் முகத்தைப் பார்க்கவே இல்லை. "இப்படிப் பண்ணிட்டியே" என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அத்தை கத்தியதைவிட இதுதான் அம்மாவை உடைத்தது. அன்று அவள் சாப்பிடவில்லை.

குளியல் நிற்கவில்லை. டிக்கெட் இல்லாமல், தன் கண்ணையே நம்பி அம்மா கலந்தாள். ஒவ்வொரு தடவையும் முதலில் தன் முழங்கையை அரைநாழி முக்கிவைத்துப் பார்த்துவிட்டுத்தான் என்னை இறக்கினாள். அதற்கப்புறம் கும்மியும் நீண்டுகொண்டே போனது. நன்றாக இருட்டும் வரை அத்தையின் பாட்டு கேட்டுக்கொண்டிருந்தது. நம் நல்ல நேரம் என்றாள் அம்மா. பொருக்கு எல்லாம் உதிர்ந்து, உள்ளே புதுத் தோல் ரோஸாகத் தெரிந்தது. கண் முழுதாகத் திறந்துவிட்டது. காய்ச்சல் இல்லை. அத்தை முறைப்படி வேப்பிலை போட்டு மூன்றாம் தண்ணீர் ஊற்றி, "ஆத்தா குளுந்துட்டா" என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

பொங்கலன்று என்னைத் தோளில் தூக்கிவைத்துக்கொண்டு நின்றது அத்தைதான். அப்பா வேப்பிலைக் கொத்தோடு சட்டியைக் கையில் ஏந்தி வந்தார். தீ அவர் முகம் வரை எழும்பியது. நான் தீயைப் பார்க்கவில்லை, சட்டிக்கு அடியில் இருந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது கருகும், இப்போது சதை உரியும் என்று காத்திருந்தேன். மூன்று சுற்று வந்து அவர் சட்டியை இறக்கிவைத்தார். உள்ளங்கையை விரித்துக் கூட்டத்துக்குக் காட்டினார். ஒன்றும் ஆகவில்லை. குலவைச் சத்தம் எழுந்தது.

அவருக்குப் பின்னால் அம்மா முட்டி போட்டு வந்தாள். ஈரச் சேலை முட்டியில் கிழிந்து, ரத்தமும் மண்ணும் அப்பியிருந்தன. அவளுக்கு யாரும் குலவை போடவில்லை.

அந்தத் தழும்பு அவள் முட்டியில் கடைசிவரை இருந்தது. அத்தையிடம் அதற்குப் பிறகு தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பா சொன்னபடி மூன்று பங்குனிக்குச் சட்டி எடுத்தார். எனக்குக் கரப்பான் அவ்வப்போது தலைகாட்டியது, ஆனால் அந்த மாதிரி மறுபடி பழுக்கவில்லை. அத்தை தன் மகளோடு இருக்கக் கல்லுப்பட்டிக்குப் போய்விட்டாள். அவளை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அம்மாவின் முட்டியைப் பார்க்கும்போதெல்லாம் வரும்.

நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு மத்தியானம் அத்தை சொல்லாமல் கொள்ளாமல் பஸ்ஸில் வந்து இறங்கினாள். நன்றாகத் தளர்ந்திருந்தாள். அம்மா கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, செம்பைக் கீழே வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"பேரனுக்கு மேலெல்லாம் பொருக்கு. இவளுக்கு இருந்துச்சுல்ல, அதே மாதிரி. டாக்டர்ட்ட காட்டியாச்சு. அவரும் அந்தக் கல்லுத்தேன் எழுதிக் குடுத்திருக்காரு. கலக்கப் பயமா இருக்கு. பச்சப் பிள்ள, வெந்துருச்சுன்னா…" என்று நிறுத்தினாள். "ஒனக்குத்தேன் பதம் தெரியும்."

அம்மா அவள் பக்கம் திரும்பினாள். "ஒங்களுக்கு எப்படித் தெரியும் மதினி?"

"மருதாணி வச்ச கை மணக்கும்டி. ஒங் கையில இரும்பு வாடைல்ல அடிச்சுது."

"அன்னிக்கேவா?"

"அன்னிக்கேதேன்."

"தெரிஞ்சுமா தெருவே கூடுற மாதிரிக் கத்துனீக?"

"கூடணும்னுதேன் கத்துனேன். ஊதாத் தண்ணி ஓடுது, பிள்ள உள்ள கத்துது, பக்கத்து வீட்டுக்காரி பாத்துக்கிட்டே நிக்கிறா. அவ வாயத் தொறக்குமுன்ன நான் தொறந்தேன். ஆத்தா எறங்குன பிள்ளைக்கு மருந்து ஊத்துறாகன்னு அவ கோயில்ல சொல்லியிருந்தா, தம்பி கையில சட்டியக் குடுத்திருப்பாகளா? மருதாணின்னா ஒன்னோட போச்சு."

அந்த நீண்ட கும்மி அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

அம்மா குனிந்து தன் முட்டியைப் பார்த்தாள். பிறகு, "முட்டி போட வச்சதும் அதுக்குத்தானா?" என்று கேட்டாள்.

அத்தை செம்பை உருட்டிக்கொண்டே இருந்தாள். "அது இல்ல. எனக்கு ஆத்தாகிட்ட பயமா இருந்துச்சு. தெரிஞ்சும் விட்டுட்டேனே. யாராவது ஒருத்தி மன்னிப்புக் கேக்கணும்ல" என்றாள்.

நானாக இருந்தால், அந்த ஒருத்தி நீங்களாக இருந்திருக்கக் கூடாதா என்று கேட்டிருப்பேன். வாய் வரை வந்தது. இன்றைக்கும் அந்தக் கோபம் எனக்கு முழுதாக ஆறவில்லை. ஒரு வார்த்தை அம்மாவின் காதில் போட்டிருக்கலாம் அந்த மனுஷி. இத்தனை வருஷம் இரண்டு பெண்கள் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்ததற்கு என்ன அர்த்தம்?

அம்மா எதையும் கேட்கவில்லை. உள்ளே போய் ஒரு மாற்றுச் சேலையை மஞ்சள் பையில் சுருட்டிப் போட்டுக்கொண்டு வந்தாள்.

"சொன்னாப் பதம் வராது மதினி. நானே வாரேன். எந்திரிங்க, பஸ்ஸு போயிரும்" என்றாள்.

ஒரு வாரம் கல்லுப்பட்டியில் இருந்தாள். பேரனுக்குப் பொருக்கு விழ ஆரம்பித்ததும், அத்தையே கூட வந்து விட்டாள். இரண்டு பேருமாகச் சாய்ந்து உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது அப்பா வேலை முடித்து உள்ளே வந்தார். டம்ளரைப் பிடித்திருந்த நாலு கைகளையும் பார்த்தார். எல்லா நகங்களும் தவிட்டு நிறம்.

"என்னா, ரெண்டு பேரும் இந்த வயசுல மருதாணியா?" என்றார்.

அத்தை காப்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா" என்றாள் அம்மா. "ஒங்க அக்காதேன் வச்சு விட்டாக."